அட்ரினல் சுரப்பி: மலைக்காற்றுக் காலமும் மாத்திரைக் காலமும்

1923இல் பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து கொடிமலைக்கு ரயில் ஏறத் தொடங்கியது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, நோயில் விழுந்த வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற அந்த மலைக்குத்தான் போனார்கள். மலைக்காற்றுக்கு அடங்காத நோய் ஒன்று அப்போதும் இருந்தது. ஆள் மாதத்துக்கு மாதம் இளைப்பார். எழுந்து நின்றால் தலை சுற்றும். நாக்கு உப்பு கேட்கும். தோல் கறுத்துக்கொண்டே போகும். நம் நிறத்தில் அந்தக் கறுப்பு சட்டென்று தெரியாது. உள்ளங்கை ரேகையையும் ஈறையும் பார்க்கத் தெரிந்த டாக்டர் பிடித்துவிடுவார். பிடித்தும் அன்றைக்கு என்ன பயன்? கொடுக்க மருந்து இல்லை.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855இல் இந்த நோய் கண்ட 11 பேரின் கதையை எழுதி, குற்றவாளியைக் காட்டினார்: சிறுநீரகங்களின் உச்சியில் குல்லா போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள். அவற்றை அக்காலத்தில் அதிகம் அழித்தது காசநோய். துறைமுகமும் தோட்ட லயன்களுமாக இருந்த மலாயாவில் காசத்துக்குப் பஞ்சமே இல்லை. நாடு தழுவிய காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961இல்தான் வந்தது.

அட்ரினல் என்றதும் பலருக்கு நினைவு வருவது அட்ரினலின். அதை 1901இல் ஜப்பானியரான தாக்காமினே பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அடிசன் நோயாளி சாவது அது இல்லாததால் அல்ல. சுரப்பியின் வெளிப்பகுதியில் சுரக்கும் கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும்தான் உயிர் காப்பவை. முன்னது காய்ச்சல், அடி, அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளைத் தாங்கும் தெம்பையும் இரத்தச் சர்க்கரையையும் காக்கும். பின்னது உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும்.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்ற டாக்டர், மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த பெண்ணுக்குக் கார்ட்டிசாலின் உறவான கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் நடந்தார். ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு. அடிசன் நோயாளிகளுக்கும் கார்ட்டிசோனால் வாழ்வு கிடைத்தது. ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது மூட்டுவலி செய்தியை. வில்லங்கம் அங்கேதான் முளைத்தது.

இன்று இந்தச் சுரப்பி படுத்துக்கொள்வதற்கு மிகப் பொதுவான காரணம் கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டு மருந்தேதான். வெளியிலிருந்து நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும்; வேலையற்ற அட்ரினல் சுருங்கிப்போகும். ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ டாக்டர் எழுதித் தருவதில் கணக்கு உண்டு, படிப்படியாகக் குறைக்கும் முறையும் உண்டு. பேர் தெரியாத மஜுனிலும் ஜாமு மாத்திரையிலும் என்ன கணக்கு? டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ‘பாரம்பரிய’ மருந்துகளைப் பற்றி மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் இயற்கையான கார்ட்டிசாலைவிட ஏறக்குறைய 25 மடங்கு வீரியமுள்ளது. இரண்டே நாளில் முட்டிவலி பறக்கும், பசி எடுக்கும், முகம் உருண்டு பளபளக்கும். “மருந்து நல்லா கேக்குது” என்று அத்தை பக்கத்து வீட்டுக்கும் ஒரு போத்தல் வாங்கிக் கொடுப்பார்.

நாட்டு மருந்தின் மேல் எனக்குப் பகை இல்லை. வேர், பட்டை என்று சொல்லி ஸ்டீராய்டு விற்பவனை மன்னிக்கத்தான் மனம் வரவில்லை.

போத்தல் தீர்ந்து சட்டென்று நிறுத்தும்போதுதான் ஆபத்து. சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு. கூடவே காய்ச்சலும் வந்தால் மயங்கி விழலாம். இந்த வகையில் தோல் கறுப்பதில்லை, ஆகவே பழைய அடையாளமும் உதவாது. உறங்கிய சுரப்பி விழிக்க மாதக்கணக்கில் ஆகலாம். நேரத்துக்கு அவசரப் பிரிவை அடைந்தால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உப்புநீர் டிரிப்பும் ஆளை மீட்டுவிடும். ஆனால் அவர் என்ன விழுங்கினார் என்று டாக்டரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

மருந்து வாங்கும்போது போத்தலில் ‘MAL’ என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஒட்டியையும் தேடுங்கள். அவை இல்லாத மருந்தை ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டுவிட்டீர்களென்றால் பயந்துபோய் குப்பையில் வீசாதீர்கள். போத்தலோடு கிளினிக்குக்குப் போங்கள். திட்டு விழுமோ என்று மறைக்க வேண்டாம்.