எளிய வெல்லங்களை இனங்காணும் சோதனைப்பொருள்கள்

இனிப்பன யாவும் ஒரே வெல்லமல்ல. சீனியாகிய சுக்குரோசும், பழங்களிலுள்ள பிறற்றோசும், பாலிலுள்ள இலற்றோசும் அமைப்பால் வேறுபட்டவை. இவ்வேறுபாட்டை நா அறியாது. சோதனைக்குழாயில் தோன்றும் நிறமே அறிவிக்கும்.

செர்மானிய இரசாயன அறிஞர் பேலிங்கு 1849 ஆம் ஆண்டில் தம் பெயரால் வழங்கும் கரைசலை வெளியிட்டார். செப்புச் சல்பேற்றுக் கரைசல் ஒரு போத்தலிலும், தாத்தரேற்று உப்புச் சேர்ந்த காரக் கரைசல் மற்றொன்றிலும் வைக்கப்பட்டு, சோதனை வேளையிலேயே கலக்கப்படும். தாத்தரேற்று இன்றேல் செப்பு ஐதரொட்சைட்டு வீழ்படிவாகிவிடும். இந்நீலக் கலவையுடன் குளுக்கோசைச் சேர்த்துச் சூடாக்கின், குளுக்கோசு தான் ஒட்சியேற்றப்பட்டுச் செப்பைத் தாழ்த்த, செந்நிறக் குப்பிரசு ஒட்சைட்டுப் படியும். பிறற்றோசு கீற்றோன் வகையினதாயினும், காரத்தில் அலிடிகைட்டு வகையாக மாறுதலின் அதுவும் இவ்விளைவைத் தரும். சுக்குரோசோ தராது, அதன் தாழ்த்தவல்ல பகுதிகள் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஐதான அமிலத்துடன் கொதிக்கவைத்து, நடுநிலையாக்கிச் சோதித்தால், பிணைப்பு நீங்கியமையால் அதுவும் செந்நிறம் தரும்.

அமெரிக்க அறிஞர் பெனடிக்று, தாத்தரேற்றுக்குப் பதிலாகச் சித்திரேற்றையும், வன்காரத்துக்குப் பதிலாகச் சோடியங் காபனேற்றையும் கையாண்டார். ஆதலின் அவர் கரைசலை ஒரே போத்தலில் நெடுநாள் வைத்திருக்கலாம். வெல்லத்தின் அளவு கூடக்கூடப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறங்கள் முறையே தோன்றும்.

தேனிய அறிஞர் பாபோட்டு 1873 இல் கண்ட சோதனைப்பொருள், செப்பு அசற்றேற்றும் அசற்றிக்கமிலமும் கலந்தது. குளுக்கோசு போன்ற ஒற்றை வெல்லங்கள் அதனைச் சில நிமிடங்களில் தாழ்த்தும். இலற்றோசு போன்ற இரட்டை வெல்லங்கள் தாமதிக்கும். நெடுநேரம் கொதிக்கவைப்பின் அவையும் பிளவுபட்டு வேறுபாடு மறையும்; எனவே நேரத்தைக் கணித்தல் இன்றியமையாதது. செலிவனோவின் சோதனையில் றிசோசினோலும் ஐதரோகுளோரிக்கமிலமும் பிறற்றோசுடன் விரைவில் செந்நிறம் தரும். குளுக்கோசு மிகத் தாமதித்தே மங்கிய நிறம் காட்டும்.

பெனடிக்றின் கரைசல் பல்லாண்டுகள் நீரிழிவு நோயாளரின் சிறுநீரைச் சோதிக்கப் பயன்பட்டது. ஆயினும் அது அறிவிப்பது குளுக்கோசை அன்று. தாழ்த்தும் தன்மையை மட்டுமே. பாலூட்டுந் தாயின் சிறுநீரில் காணத்தகும் இலற்றோசும், உயிர்ச்சத்து சீயும் அதே நிறமாற்றத்தை விளைவிக்கக்கூடும். நிறத்தை மட்டும் நம்பினால் நோயற்றவரும் நோயாளராகக் கருதப்படுவர். குளுக்கோசை மட்டுமே தாக்கும் ஒட்சிடேசு நொதியம் தோய்ந்த தாட்கீலங்கள் 1950களில் வழக்கில் வந்தமைக்கும் இதுவே காரணமாயிற்று. இன்று நீரிழிவு, குருதியைச் சோதித்தே துணியப்படுகின்றது.

ஆகவே செந்நிறங் கண்ட மாணவன், “குளுக்கோசு உண்டு” என எழுதாது, “தாழ்த்தும் பொருள் உண்டு” என எழுதி, அடுத்த சோதனைக்குச் செல்லுதலே முறையாகும்.