பாதம் எரியும் இரவுகளும் அபின் மருந்தும்

வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னர், நீரிழிவு நோயாளர் ஒருவர் மட்டும் கட்டில் விளிம்பில் அமர்ந்து தம் பாதங்களைத் தடவிக்கொண்டிருப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். உள்ளங்கால் தணலில் வைத்தாற்போல் எரிகிறது என்பார். ஊசிகள் குத்துகின்றன என்பார். போர்வை பட்டாலும் பொறுக்க முடியவில்லை என்பார். விளக்கை ஏற்றிப் பார்த்தால் காலிலே புண்ணுமில்லை, வீக்கமுமில்லை. “வயது போனால் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு நாம் மீண்டும் உறங்கச் செல்கிறோம். அவரோ விடியும்வரை விழித்திருக்கிறார்.

கண்ணுக்குப் புலப்படாவிடினும் அந்த நோவு மெய்யானது. அதனைத் தணிக்க அபின் இனத்தைச் சார்ந்த மருந்துகளைக் கொடுக்கலாமா என்பது வைத்திய உலகம் நெடுங்காலமாக விவாதித்து வந்த வினா. “தாராளமாகக் கொடுக்கலாம்” என்றோர் ஒருசாரார். “அதன் பெயரையே எடுக்க வேண்டாம்” என்றோர் மறுசாரார். இவ்விரு போக்குகளாலும் நோயாளர்கள் துன்புற்றனர். அவ்வரலாற்றை அறிந்துகொள்வது நீரிழிவு உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தரும்.

நோவு எவ்வாறு பிறக்கிறது?

இரத்தத்தில் சீனியின் அளவு பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், நரம்பிழைகளும் அவற்றுக்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. உடலில் மிக நீளமான நரம்புகளே முதலிற் பாதிக்கப்படுவதால், தொல்லை கால் விரல்களில் தொடங்கிக் காலுறை அணியும் எல்லைவரை மெல்ல ஏறுகிறது. பழுதுற்ற நரம்பு, காரணமின்றியே மூளைக்கு நோவுச் செய்தியை அனுப்பத் தொடங்குகிறது. வாயிலில் எவரும் இல்லாதபோதும் அழைப்பு மணி ஓயாது ஒலிப்பதைப் போன்றது இது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. எரிவு தாங்காத அதே பாதத்தில் தொடுவுணர்ச்சி குன்றியும் இருக்கலாம். கோயில் வீதியின் சுடுமணலில் வெறுங்காலுடன் நடந்து கொப்புளம் எழுந்த பின்னரும் அதனை அறியாதிருப்போர் உளர். எந்த நோவு மருந்தும் அந்த உணர்ச்சியை மீட்டுத் தருவதில்லை. பழுதுற்ற நரம்பைச் செப்பனிடுவதுமில்லை.

அபினின் ஆற்றல்

கசகசாச் செடியின் காயைக் கீறும்போது வடியும் பால் உறைந்தால் அபின் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியிலே மருந்துக்கடையொன்றிற் பணிபுரிந்த சேர்ட்டூர்னர் என்னும் இளைஞர் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோர்பியஸின் பெயரால் அது மோர்பின் எனப்பட்டது. அம்மருந்து சென்று பொருந்துவதற்கென்றே மூளையில் தனி இடங்கள் உள்ளன என்பது 1973இல் நிறுவப்பட்டது. மோர்பினை ஒத்த பொருள்களை மூளை தானாகவே உண்டாக்குகிறது என்பதை 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகர ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். முள்ளந்தண்டிலும் மூளையிலும் நோவுச் செய்தி செல்லும் வழியை இம்மருந்துகள் மறிக்கின்றன. சத்திரசிகிச்சைக்குப் பின்னரும், புற்றுநோயின் கடும் வேதனையிலும் இவை ஆற்றும் உதவி ஈடற்றது.

நீரிழிவின் நரம்பு நோவிலும் இவை முற்றாகத் தோற்றுவிடவில்லை. 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அபின் இனத்தின் மென்மையான உறுப்பினராகிய டிரமடோல் 131 நோயாளரிடையே சோதிக்கப்பட்டது. வெற்றுக் குளிசையைவிட அது நோவை மிகுதியாகத் தணித்தது. 2005இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. நீரிழிவாலோ அக்கிக்குப் பின்னரோ நரம்பு நோவுற்ற 57 பேர் அதிற் சேர்ந்தனர். நோவில்லாமைக்குப் பூச்சியமும் கடும் நோவுக்குப் பத்தும் என அளந்தபோது, தொடக்கத்தில் சராசரி 5.72 ஆக இருந்தது. மோர்பின் அதனை 3.70க்கு இறக்கியது. மோர்பினையும் கபாபென்டினையும் சேர்த்துக் கொடுத்தபோது 3.06 ஆயிற்று.

ஆனால் மற்றோர் எண்ணையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். நரம்பு நோவைத் தணிப்பதற்குரியதல்லாத ஒப்பீட்டு மருந்தை உண்டபோதும் நோவு 4.49க்கு இறங்கியிருந்தது. மோர்பினின் தனிச் சிறப்பு ஒரு புள்ளிக்கும் குறைவே!

வாரக் கணக்கும் ஆண்டுக் கணக்கும்

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். கனடிய ஆய்வில் ஒவ்வொரு மருந்தும் உட்கொள்ளப்பட்ட காலம் ஐந்து வாரம். டிரமடோல் ஆய்வின் காலம் ஆறு வாரம். நீரிழிவாளரின் நரம்பு நோவோ பத்து ஆண்டும் இருபது ஆண்டும் நீடிக்கலாம். ஐந்து வாரத்தில் நன்மை செய்த மருந்து ஐந்து ஆண்டிலும் நன்மை செய்யும் என எண்ணியதே பெரும் பிழையாயிற்று.

நாட்பட உட்கொள்ளும்போது உடல் அம்மருந்துக்குப் பழகிவிடுகிறது. அதே தணிவைப் பெற அளவைக் கூட்ட நேர்கிறது. மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், தடுமாறி விழுதல் ஆகியன தொடர்கின்றன. அளவு மிஞ்சினால் மூச்சு மெலிந்து உயிரே போகலாம். நீரிழிவாளருக்குத் தனி இடர்களும் உண்டு. அவருடைய இரைப்பையும் குடலும் நரம்புப் பழுதினால் முன்னரே மந்தமாகியிருக்கலாம். இம்மருந்து அதனை மேலும் மந்தமாக்கும். சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் மோர்பினின் எச்சங்கள் வெளியேறாது தேங்கும். டிரமடோலோ சிலரிடத்தில் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

ஐக்கிய அமெரிக்கா இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. ஒக்ஸிகொடோன் என்னும் அபின் இன மருந்தின் நீடித்துச் செயற்படும் குளிசை 1996இல் அங்கு விற்பனைக்கு வந்தது. நாட்பட்ட நோவுகளுக்கெல்லாம் அது தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. அதற்கு அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்ற குற்றத்தை, விற்றோரே 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். அதற்குள் எண்ணற்ற குடும்பங்கள் குலைந்துவிட்டன. 2021ஆம் ஆண்டில் மட்டும் அபின் இனப் பொருள்களின் மிகையளவால் அந்நாட்டில் 80,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றிற் பெரும்பான்மை கள்ளச் சந்தைப் பென்டனிலால் நேர்ந்தவை. எனினும் இப்பெருந்துயரின் முதல் அலை வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டிலிருந்தே எழுந்தது.

பின்னர் ஊசல் மறுபுறம் சாய்ந்தது. 2016இல் கட்டுப்பாட்டு வழிகாட்டல் வெளிவந்ததும், பல்லாண்டு இம்மருந்தை உண்டுவந்த நோயாளர் சிலருக்கு அது திடீரென நிறுத்தப்பட்டது. அவர்கள் நடுக்கமும் வியர்வையும் தாங்கொணா நோவும் உற்றனர். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியோரும் உளர். திடீரென நிறுத்துதல் கேடு விளைக்கும் என 2019இல் அந்நாட்டு மருந்து அதிகார சபை எச்சரித்தது. வழிகாட்டலும் 2022இல் திருத்தப்பட்டது.

இன்றைய முடிபு யாது?

டபென்டடோல் என்னும் அபின் இனக் குளிசையை நீரிழிவு நரம்பு நோவுக்கு 2012இல் அனுமதித்ததும் அமெரிக்காவே. ஆயினும் 2021இன் இறுதியில் அமெரிக்க நரம்பியல் கழகம், இந்நோவுக்கு அபின் இன மருந்துகளைப் பயன்படுத்தலாகாது எனப் பரிந்துரைத்தது. டிரமடோலையும் டபென்டடோலையும்கூடப் பயன்படுத்தலாகாது என்றே அது கூறியது. பிரித்தானிய வழிகாட்டலோ, நோவு திடீரெனக் கடுமையாகும் வேளையில் டிரமடோலைக் குறுகியகாலத் துணையாகக் கருதலாம் என்றும், நிபுணர் கூறினாலன்றி மோர்பினைத் தொடங்கலாகாது என்றும் கூறுகிறது. ஆகவே இம்மருந்து அன்றாட வழியன்று; பிற வழிகள் அடைபட்டபோது நிபுணரின் கண்காணிப்பில் சிறிது காலம் நாடக்கூடிய ஒன்றென்றே கொள்ளல் வேண்டும்.

அந்தப் பிற வழிகள் பல. அமிட்ரிப்டிலின், டுலொக்ஸெடின், பிரிகாபலின் ஆகிய மூன்றையும் முதல் மருந்தாகக் கொண்டு பிரித்தானியாவில் 130 பேரிடையே ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் உதவின. ஒன்று போதாதவிடத்து இன்னொன்றைச் சேர்த்தபோது மேலும் தணிவு கிட்டியது. இவை அபின் இனத்தைச் சேர்ந்தனவல்ல. ஆனால் இரண்டொரு நாளில் மாயம் செய்வனவுமல்ல. பல வாரப் பொறுமை வேண்டும். மெட்போமின் குளிசையை நெடுங்காலம் உண்போருக்கு விற்றமின் பி12 குறைந்து அதே போன்ற எரிவு தோன்றலாம். இதனை இரத்தப் பரிசோதனையால் அறிந்து எளிதிற் சரிசெய்யலாம்.

யாவற்றுக்கும் மேலானது சீனியைக் கட்டுப்படுத்துதல். இன்சுலின் இன்றியமையாத முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த அமெரிக்கப் பேராய்வு 1993இல் முடிவுற்றது. சீனியை நெருங்கிக் கண்காணித்தவர்களிடம் நரம்பு நோய் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தமை அதிற் புலனாயிற்று.

குடும்பத்தார் கவனத்திற்கு

வீட்டில் ஒருவருக்கு இம்மருந்து எழுதப்பட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அசட்டையாக இருத்தலும் ஆகாது. எவ்வளவு காலத்துக்கு, எதனை எதிர்பார்த்து என்று வைத்தியரிடம் முதல் நாளே கேளுங்கள். சிறுநீரகக் குறைபாட்டையும் உண்டுவரும் ஏனைய குளிசைகளையும் மறைக்காது கூறுங்கள். அமிட்ரிப்டிலின், டுலொக்ஸெடின் ஆகியவற்றுடன் டிரமடோல் சேர்வது சிலருக்குத் தீங்காகும். மதுவையும் தூக்கக் குளிசையையும் இதனோடு கலத்தலாகாது. பிள்ளைகளின் கைக்கெட்டாதவாறு பூட்டி வையுங்கள். அயலவருக்கு இரக்கப்பட்டு ஒரு குளிசையேனும் கொடாதீர்கள். நிறுத்த விரும்பினால் வைத்தியரின் சொற்படி படிப்படியாகக் குறையுங்கள்.

நோயாளர் மருந்தை மிகுதியாக நாடுகிறாரெனில் அவரை இகழாதீர்கள். பழகிப்போதல் மருந்தின் குணம். அதற்கும் சிகிச்சை உண்டு.

இன்றிரவும் யாரேனும் கட்டில் விளிம்பில் விழித்திருப்பின், நாமும் எழுந்து அருகில் அமர்ந்து, எங்கே நோகிறது, எவ்வாறு நோகிறது, எத்தனை நாளாக நோகிறது என்று கேட்போமாக. அவர் கூறுவதைக் குறித்துக்கொண்டு, நாளைக் காலை அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக.