சுன்னாகம் என்று தேடும்போது

கைத்தொலைபேசியில் ஒருவர் யாழ்ப்பாணத்திலுள்ள நம் ஊரின் பெயரை, 'சுன்னாகம்' என்று அடிக்கிறார். நம் கண்ணுக்கு அது ஐந்து எழுத்து: சு, ன், னா, க, ம். கணினிக்கு ஒன்பது குறிகள். ஒரு சகரம், அதற்கு உகரக் குறி, ஒரு னகரம், அதன் மேல் புள்ளி, மறுபடி ஒரு னகரம், அதற்குக் கால், ஒரு ககரம், ஒரு மகரம், கடைசியில் இன்னொரு புள்ளி. இந்த ஒன்பது குறிகளும் போய்ச் சேர்ந்து, கண் மூடித் திறப்பதற்குள் திரையில் ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. முதல் நாலைந்து வரிகளைத் தாண்டிப் போகிறவர்கள் குறைவு.

அந்தப் பட்டியலின் வரிசையை மனிதர் எவரும் உட்கார்ந்து போடவில்லை. அதை ஒரு கணக்கே போடுகிறது. யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிக்கும் அந்தக் கணக்கு, நம் ஊருக்கு மிகவும் பழக்கமான இரண்டு வேலைகளால் ஆனது. ஒன்று, சொற்களை அடுக்கி வைப்பது. மற்றது, தெரிந்தவர் யார் என்று ஒருவரையொருவர் கேட்பது.

புலவரின் வேலை

நாம் கேட்ட பிறகுதான் தேடுபொறி தேடப் புறப்படுகிறது என்று பலரும் நினைக்கிறோம். அது முன்பே தேடி முடித்துவிட்டது. தேடுபொறியின் நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து அதிலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கம், அங்கிருந்து அடுத்தது என்று இரவு பகலாக இணையத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. வாசித்ததையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கின்றன. கூகிளின் அட்டவணையில் மட்டும் பத்தாயிரக்கணக்கான கோடிப் பக்கங்கள் உண்டு. நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் புரட்டுவது நடக்கிற காரியமல்ல.

இந்தச் சிக்கலைத் தமிழ் முன்பே சந்தித்திருக்கிறது. அந்தக் காலத்து மாணவர்கள் நிகண்டைப் பாட்டாக மனப்பாடம் செய்தார்கள். நிகண்டில் சொற்கள் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று வகைவகையாகக் கிடக்கும். ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அது எந்தத் தொகுதியில், எந்தச் செய்யுளில் வருகிறது என்பது முன்பே நெஞ்சில் இருக்கவேண்டும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைச் செய்து, சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தினார். 1842இல் 58,500 சொற்களோடு மானிப்பாய் அகராதி யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. அந்த வழியில் வந்தவர்தான் சுன்னாகம் அ. குமாரசாமிப் புலவர் (1854–1922). அவர் தொகுத்தது 'இலக்கியச் சொல்லகராதி'. எழுத்துத் தெரிந்தால் போதும், சொல் கிடைக்கும். மனப்பாடம் செய்யாதவருக்கும் மொழியின் கதவு திறந்தது.

தேடுபொறி செய்வதும் அதே புரட்டல்தான். பக்கத்துக்குள் என்னென்ன சொல் இருக்கிறது என்று வைத்திருப்பதை மறுபக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில், எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எழுதி வைக்கிறது. 'சுன்னாகம்' என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட பட்டியல், 'மரக்கறி' என்ற சொல்லுக்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்டால், இரண்டு பட்டியலிலும் விரல் வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே வந்து, இரண்டிலும் இருக்கும் பக்கங்களைப் பொறுக்கி எடுக்கிறது. பெரியதோர் அகராதியின் இரண்டு பக்கங்களை ஒருசேரத் திறந்து வைத்துப் பார்ப்பது போன்றது இது.

எழுத்து எழுத்தாக இருக்கவேண்டும்

அகராதியில் ஏறுவதற்குச் சொல் முதலில் சொல்லாக இருக்கவேண்டும். நம்முடைய பக்கங்கள் பல விழுந்துபோவது இந்த முதற்படியிலேயே.

இலங்கையில் கணினித் தட்டச்சு பரவிய காலத்தில் பாமினி எழுத்துருதான் எங்கும் இருந்தது. கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பாடசாலை மலர், சங்க அறிக்கை எல்லாம் அதில் அடித்தவை. பாமினியில் பழகிய விரல்கள் இன்றும் அச்சகங்களில் வேகமாக ஓடுகின்றன. ஆனால் பாமினி தமிழைத் தமிழாகச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திவிடுகிறது. அதில் 'சுன்னாகம்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது இது: பெரிய ஆர், சின்ன டி, அரைப்புள்ளி, மறுபடி டி, எச், எஃப், கே, இன்னொரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு உள்ள கணினியில் ஊர்ப் பெயர் அழகாகத் தெரியும். தேடுபொறிக்குப் போர்வை தெரியாது. உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும். எந்த மொழியிலும் இல்லாத ஒரு குழறல் அதற்குக் கிடைக்கிறது. சுன்னாகம் என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் வந்து சேராது.

யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கென்று தனி இலக்கங்கள் 1991 முதலே உண்டு. பாமினிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சங்கத்தின் முப்பது வருட அறிக்கைகளை ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். வரிசையில் முன்னேறுவதற்கு இதைவிடப் பெரிய வேலை எதுவும் முதலில் இல்லை.

படமாகப் போடும் எழுத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அழகான பின்னணியில் செய்தியை வரைந்து படமாக முகநூலில் போடுகிறோம். பத்துப் பேர் பகிர்கிறார்கள், இரண்டு நாளில் அது கீழே போய்விடுகிறது, தேடினால் கிடைப்பதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். ஈழத்து நூல்களும் இதழ்களும் அங்கே மின்வருடிய படங்களாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றையும், இதழ்களுக்கு உள்ளே உள்ள கட்டுரைகளின் தலைப்புகளையும் யாரோ ஒருவர் இருந்து ஒருங்குறியில் அடித்து வைத்திருக்கிறார். அந்த நாலு வரிதான் தேடுகிறவரை அந்தப் பழைய தாளிடம் கொண்டுபோய் விடுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்ததைக் கண்ட சமூகம் நாம். மிஞ்சிய நூல் கண்டெடுக்க முடியாமல் கிடப்பது என்ன இழப்பு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்லுக்கு எடை உண்டு

அகராதியில் ஏறியாயிற்று. இனி எடை பார்க்கிற வேலை. 'சுன்னாகம் சந்தை விலை' என்று ஒருவர் கேட்டால் மூன்று சொல்லுக்கும் ஒரே மதிப்பா? 'விலை' எண்ணற்ற பக்கங்களில் வருகிறது. 'சுன்னாகம்' மிகச் சிலவற்றில்தான் வருகிறது. அரிதாக வரும் சொல்லே கேட்பவரின் மனத்தை அதிகம் காட்டும். ஆகவே அதற்குக் கூடிய எடை கொடுக்கவேண்டும் என்று 1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெண் ஆய்வாளர் எழுதினார். இணையம் பிறப்பதற்கு முந்திய அந்த எண்ணம் இன்றைய தேடலின் அத்திவாரக் கற்களில் ஒன்று. உலகமெங்கும் பேசுகிறவற்றைப் பற்றி நாமும் ஒரு பக்கம் எழுதினால் கூட்டத்தில் ஒருவராவோம். நம் ஊரில் மட்டும் உள்ளதை எழுதினால் அந்தச் சொல்லுக்கு உரியவராவோம்.

அந்தச் சொல்லும் மக்கள் வாயில் இருக்கும் சொல்லாக இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தவர் தேடுவது 'மரக்கறி'. பக்கத்தில் 'காய்கறி' என்று மட்டும் இருந்தால் பாதி வழியிலேயே தவறிவிடும். இங்கே சமையலறையில் 'பம்பாய் வெங்காயம்' என்பது எழுத்தில் 'பெரிய வெங்காயம்' ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒரு வசனத்தில் சேர்த்து எழுதிவிட்டால் இரண்டு விதமாகத் தேடுகிறவரும் வந்து சேருவார்.

தமிழின் வேற்றுமை உருபுகள் இன்னொரு சவால். சுன்னாகம் என்பது சுன்னாகத்தில் ஆகும்போது மகரம் விழுந்துவிடுகிறது. சுன்னாகச் சந்தை என்னும்போது அந்த இடத்தில் ஒரு 'ச்' வந்து உட்காருகிறது. நமக்கு மூன்றும் ஒரே ஊர். இயந்திரத்துக்கு இவை ஒரே சொல்லின் உருவங்கள் என்று தெரியவேண்டுமானால் அதற்கு இலக்கணம் பழக்கவேண்டும். ஆங்கிலத்தில் பழக்கிய அளவுக்குத் தமிழில் பழக்கவில்லை. அதனால் தலைப்பிலும் முதற் பந்தியிலும் ஊர்ப் பெயரை உருபு சேராமல் ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. தலைப்பில் நிற்கும் சொல்லுக்கு உள்ளே கிடக்கும் சொல்லைவிட மதிப்பும் அதிகம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள். அவர்களுக்காக அந்த எழுத்திலும் ஓரிடத்தில் பெயரைப் போட்டுவைக்கலாம்.

யார் யாரைக் காட்டுகிறார்

ஒரே சொல் ஆயிரம் பக்கங்களில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? விதை வெங்காயம் வாங்கப் போகும் கமக்காரர் என்ன செய்வார் என்று யோசித்தால் விடை கிடைக்கும். அவர் நாலு பேரிடம் கேட்பார். நாலு பேரும் ஒருவரைக் காட்டினால் அங்கே போவார். காட்டியவர்களில் ஒருவர் தாமே நல்ல கமக்காரர் என்றால் அவர் சொல்லுக்குக் கூடிய மதிப்பு.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் சேர்ஜி பிரினும் இதைத்தான் கணக்காக்கினார்கள். 1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த மாநாட்டில் தங்கள் தேடுபொறியை விளக்கும் கட்டுரையை முன்வைத்தார்கள். கூகிள் நிறுவனம் அதே ஆண்டில் பிறந்தது. ஓர் ஆய்வை எத்தனை ஆய்வுகள் மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணும் வழக்கத்தை யூஜின் கார்பீல்ட் 1964இலேயே பெரிய அட்டவணையாக வெளியிட்டிருந்தார். எண்ணினால் மட்டும் போதாது, காட்டுகிறவர் யார் என்றும் பார்க்கவேண்டும் என்பது இவர்கள் வைத்த அடுத்த படி. அதற்குப் பேஜ்ராங்க் என்று பெயர்.

கையால் செய்து பார்ப்போம். நூலகம், பாடசாலை, சந்தை என்று மூன்று பக்கங்களை எண்ணிக்கொள்ளுங்கள். நூலகப் பக்கம் மற்ற இரண்டுக்கும் இணைப்புக் கொடுக்கிறது. பாடசாலைப் பக்கம் நூலகத்துக்கு மட்டும் கொடுக்கிறது. சந்தைப் பக்கம் நூலகத்துக்கும் பாடசாலைக்கும் கொடுக்கிறது. இப்போது 900 பேரைப் பக்கத்துக்கு 300 பேராக நிறுத்துவோம். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் தாம் நிற்கும் பக்கத்தில் உள்ள ஓர் இணைப்பின் வழியே நடக்கவேண்டும். இரண்டு வழி இருந்தால் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே.

முதல் மணிக்குப் பிறகு நூலகத்தில் 450, பாடசாலையில் 300, சந்தையில் 150. இரண்டாம் மணிக்குப் பிறகு 375, 300, 225. மணி அடிக்க அடிக்க ஆட்டம் குறைந்துகொண்டே வந்து, 400, 300, 200 என்ற கணக்கை நெருங்கி அமைதியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை பேர் போனாலும் அத்தனை பேர் வருவார்கள்.

இந்த விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூலகத்தையும் பாடசாலையையும் காட்டுகிறவர்கள் இரண்டிரண்டு பேர்தான். எண்ணிக்கை சமம். ஆனாலும் நூலகம் மேலே நிற்கிறது, ஏனென்றால் பாடசாலை தன் முழு வாக்கையும் அதற்கே கொடுத்தது. வெறுமனே எண்ணியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. உண்மையான கணக்கில் நூற்றுக்கு 15 பேர் அலுத்துப்போய், இணைப்பை விட்டு எங்காவது ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். வெளியே வழியில்லாத முடக்குகளில் கூட்டம் சிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

தமிழ்ப் பக்கங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று காட்டுவதில்லை. வாசிகசாலை பாடசாலையைப் பற்றி எழுதும், இணைப்புக் கொடுக்காது. பாடசாலை மலர் புலவரைப் போற்றும், புலவரின் நூல் இருக்கும் இடத்தைக் காட்டாது. ஒவ்வொன்றும் தனித் தீவாக நிற்கிறது. ஊர்ந்துவரும் நிரல் அந்தத் தீவுக்கு எப்படி வந்து சேரும்? நம்மில் ஒருவர் எழுதியதை மற்றவர் மனமாரக் காட்டினால், செலவில்லாமல் இருவரும் உயர்வோம்.

குறுக்கு வழிகள்

கணக்கு இதுதான் என்று தெரிந்ததும் ஏமாற்றும் தொடங்கியது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு முறை ஒளித்து வைத்தார்கள். பொய்ப் பக்கங்களை உண்டாக்கி, ஒன்றையொன்று காட்டவைத்தார்கள். இணைப்பைக் காசுக்கு விற்றார்கள். கூகிள் 2011 பெப்ரவரியில் உள்ளடக்கம் இல்லாத பக்கங்களையும், 2012 ஏப்ரலில் போலி இணைப்புகளையும் குறிவைத்துத் தன் கணக்கைத் திருத்தியது. முன்வரிசையில் நின்ற பல தளங்கள் பின்னுக்குப் போயின. இன்று பக்கம் எவ்வளவு விரைவாகத் திறக்கிறது, கைத்தொலைபேசியில் ஒழுங்காகத் தெரிகிறதா என்பதெல்லாமும் கணக்கில் சேர்கின்றன. முதலிடத்தை உறுதியாகத் தருகிறோம் என்று யாரும் சொல்லமுடியாது என்பதைக் கூகிளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

கிணற்றடியில்

சுன்னாகம் இருக்கும் வலிகாமத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழை நீர்தான் கிணறு, கிணறுதான் வாழ்வு. கடந்த தசாப்தத்தில் சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கண்டபோது, வீடு வீடாக ஒரே கேள்வி: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அப்படியொரு நாளில் தாய் ஒருத்தி கைத்தொலைபேசியில் 'சுன்னாகம் கிணற்றுத் தண்ணீர்' என்று அடிக்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். அவள் கண்ணில் முதலில் படும் பக்கத்தை நம்பித்தான் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பாள். அந்த இடத்தில் வதந்தி நிற்கலாம். எந்தக் கிணறு, எந்தத் திகதி, யார் சோதித்தார், என்ன கண்டார் என்று தெளிவாக எழுதிய பக்கமும் நிற்கலாம். இயந்திரத்துக்கு உண்மை தெரியாது. அதற்குத் தெரிந்தவை சொற்களும், யார் யாரைக் காட்டுகிறார் என்பதும்தான். ஆகவே உண்மை தெரிந்தவர்கள் அதை ஒருங்குறியில், ஊர்ச் சொல்லில், ஊர்ப் பெயரோடு எழுதவேண்டும். பாடசாலையும் வாசிகசாலையும் வைத்தியரும் அந்தப் பக்கத்தைக் காட்டவேண்டும்.

குமாரசாமிப் புலவர் சொல்லைச் சேர்த்தது, தமக்குப் பின்னால் வரும் ஒருவர் தேடும்போது அது கிடைக்கவேண்டும் என்பதற்காக. பாமினியில் அடித்த ஓர் அறிக்கை உங்கள் அலுமாரியிலோ பழைய கணினியிலோ கிடந்தால், இன்றே எடுத்து மாற்றுங்கள். அந்தத் தாய் அடிக்கும் 'சுன்னாகம்' என்ற ஒன்பது குறிகளும் அதற்குள் இருக்கட்டும்.