மொறுமொறு உப்பு பிஸ்கட்டு: பசி தீருமா?

தர்மபுரி பஸ் நிலையம். பொழுது இன்னும் விடியவில்லை.

பெங்களூர் பஸ்சுக்காக ஒரு கூட்டம் காத்திருக்கிறது. கட்டிட வேலைக்குப் போகிறவர்கள். கையிலே துணிமூட்டை; தோளிலே தூங்கும் குழந்தை.

ஒரு தாய் டீக்கடைக்கு வருகிறாள். தனக்கு ஒரு டீ. மகனுக்கு ஒரு பாக்கெட் உப்பு பிஸ்கட்டு.

"இந்தா கண்ணு, இதைத் தின்னு. பெங்களூர் போய்ச் சோறு சாப்பிடலாம்" என்கிறாள்.

பையன் கடிக்கிறான். 'மொறுக்' என்று ஒரு சத்தம்! தூக்கம் கலைந்து சிரிக்கிறான்.

இது அன்றாடம் காணும் காட்சிதான். அந்த உப்பு பிஸ்கட்டு எப்படிப் பிறந்தது? அது பையனின் பசியைத் தீர்க்குமா? பார்ப்போம்.

பட்டு வியாபாரியின் ஆசை

உப்பு பிஸ்கட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 'மோனாக்கோ'. வட்ட வடிவம். மெல்லிய உடல். மேலே உப்புத் தூவல்.

மோனாக்கோ என்பது உண்மையில் ஒரு நாட்டின் பெயர். பிரான்ஸ் தேசத்தின் ஓரத்திலே, கடற்கரையில் இருக்கும் குட்டி நாடு அது. பரப்பு சுமார் 2 சதுர கிலோ மீட்டர்தான்! ஆனால், பிஸ்கட்டு பிறந்தது நம் நாட்டிலே.

பம்பாயிலே மோகன்லால் சவுகான் என்ற பட்டு வியாபாரி இருந்தார். அந்தக் காலத்தில் பிஸ்கட்டும் மிட்டாயும் சீமையிலிருந்து கப்பலில் வரும். விலை அதிகம். துரைமார்களும் பணக்காரர்களும்தான் வாங்குவார்கள்.

"நம் மக்களுக்கு நாமே செய்தால் என்ன?" என்பதே சவுகானின் எண்ணம். ஜெர்மனிக்குப் போய் மிட்டாய் செய்யும் வித்தையைக் கற்றார். 1929-ம் ஆண்டு, பம்பாயை அடுத்த வில்லே பார்லே என்ற ஊரிலே ஒரு சிறிய தொழிற்சாலை தொடங்கினார். வேலை செய்தவர்கள் 12 பேர்தான்!

ஊர்ப் பெயரே கம்பெனியின் பெயர் ஆயிற்று: 'பார்லே'. முதலில் மிட்டாய், பிறகு பிஸ்கட்டு. 1940-களில் உப்பு பிஸ்கட்டான மோனாக்கோ வந்தது.

1972-ல் அதே கம்பெனி, இனிப்பும் உப்பும் கலந்த 'கிராக்ஜாக்' பிஸ்கட்டை வெளியிட்டது. கல்கத்தாவில் 1892-ல் தோன்றிய பிரிட்டானியா கம்பெனி சும்மா இருக்குமா? 1993-ல் அதுவும் இதே ருசியில் 'பிப்டி பிப்டி'யைக் கொண்டுவந்தது.

வில்லே பார்லேயில் இருந்த அந்தப் பழைய தொழிற்சாலை 2016-ல் மூடப்பட்டது. ஆனால், பார்லே கம்பெனி மற்ற ஊர்களில் பிஸ்கட்டு செய்து வருகிறது.

ஓட்டை எதற்கு?

உப்பு பிஸ்கட்டைக் கவனித்துப் பாருங்கள். மேலே சிறு சிறு ஓட்டைகள் இருக்கும். அழகுக்காக என்று நினைக்கிறீர்களா? இல்லை!

மைதா மாவுடன் எண்ணெய், உப்பு முதலியவற்றைச் சேர்த்துப் பிசைகிறார்கள். மாவைத் தகடாக உருட்டி, பல மடிப்பாக மடித்து, மறுபடியும் உருட்டுகிறார்கள். பரோட்டா போலப் பொரபொரவென்று வருவதற்கு இந்த மடிப்பே காரணம்.

பிறகு ஓட்டை போட்டு, துண்டு போட்டு, நீண்ட அடுப்புக்குள் அனுப்புகிறார்கள். சூட்டிலே மாவில் உள்ள ஈரம் ஆவியாகிறது. ஆவி வெளியேற ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்கட்டு பூரி போல உப்பிவிடும்!

சில நிமிஷங்களில் வெந்துவிடும். ஈரம் ஏறக்குறைய முழுவதும் போய்விடுவதால்தான் 'மொறுக்' சத்தம். காற்றுப் பட்டால் மறுபடி ஈரத்தை இழுத்து நமத்துப் போகும். ஆகவே, பாக்கெட்டைப் பிரித்ததும் மீதியை இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

எண்ணைப் படியுங்கள்

ருசி சரி. சத்து?

மைதா என்பது தவிடு நீக்கிய கோதுமை மாவு. தவிட்டோடு நார்ச்சத்தும் பெரும்பாலும் போய்விடுகிறது. மிஞ்சுவது மாவும் எண்ணெயும் உப்பும்தான்.

பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. அதாவது, ஒரு தேக்கரண்டி அளவு. குழந்தைகளுக்கு இதனினும் குறைவு.

பாக்கெட்டின் பின்பக்கம் 'சோடியம்' என்று ஓர் எண் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. 100 கிராம் பிஸ்கட்டில் 1,000 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இரண்டரை கிராம் உப்பு! பெரியவருக்கு உரிய அளவில் பாதி அதிலேயே தீர்ந்தது.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்தக் கணக்கை வீட்டிலேயே போடலாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அவசியம் போட வேண்டும்.

நம் மண்ணின் தானியம்

1947-ல் தேசப் பிரிவினையின்போது கோதுமைக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது பார்லே கம்பெனி பார்லி மாவில் பிஸ்கட்டு செய்து, அதற்கு விளம்பரமும் செய்தது. கோதுமைதான் வேண்டும் என்பதில்லை; மற்றத் தானியத்திலும் பிஸ்கட்டு செய்யலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

தர்மபுரிக்குத் தானியப் பஞ்சமா? கேழ்வரகு விளையும் சீமை அல்லவா இது! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. பிள்ளைகளின் எலும்புக்கு உறுதி தருவது இந்தச் சத்தே.

2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில், 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியதும் இதனால்தான்.

இப்போது ராகி பிஸ்கட்டும் கடைகளில் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால், பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள்! சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதுவே முதலில் இருக்கும். முதலில் மைதா, அப்புறம் சர்க்கரை, கடைசியில் ராகி என்றிருந்தால் அது பெயரளவுக்குத்தான் ராகி!

உப்பு பிஸ்கட்டை வெறுக்க வேண்டியதில்லை. மாலை டீக்கு இரண்டு, மூன்று கடித்துக்கொண்டால் குடி முழுகிவிடாது. டீக்கு அது நல்ல துணை. காலைச் சாப்பாட்டுக்கு அது ஈடாகாது.

பஸ் நிலையத்தில் நின்ற அந்தத் தாயைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? இருட்டிலே எழுந்து ஓடுகிறவளுக்கு அடுப்பு மூட்ட நேரம் ஏது? முதல் நாள் இரவே ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழைக் கரைத்து வைத்தால், விடியும்போது அது கைகொடுக்கும்.

கூழ் வயிற்றை நிரப்பட்டும். பிஸ்கட்டு வாயிலே மொறுமொறுக்கட்டும். பிள்ளைக்கு இரண்டும் சந்தோஷம்தான்!