வாரம் இரண்டு பென்னி

“கூலி கைக்கு வருமுன்னே கடனுக்குப் போய்விடுகிறது, சேமிப்பது எங்ஙனம்?” சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் அங்கத்தினர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியே.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளரும் வறுமையில் உழன்றவர்களே. 1844ஆம் ஆண்டில் அவர்களும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூடி, ஆளுக்கு ஒரு பவுன் பங்குத்தொகை சேர்க்க முனைந்தனர். அந்நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. அதனை ஒருசேரத் தருவது ஏழைகளுக்கு எளிதன்று. ஆகவே வாரம் 2 பென்னி என்று தொடங்கிப் பின்னர் 3 பென்னியாக உயர்த்தினர். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களுடன் அவர்கள் திறந்த சிறு கடையே கூட்டுறவு இயக்கத்திற்கு முன்மாதிரியாயிற்று.

நாம் அவர்களிடம் கற்க வேண்டியது தொகையை அன்று, முறையை. கூலியோ விளைபொருளின் விலையோ பெற்ற அன்றே, வீடு திரும்புமுன், இயன்ற சிறு தொகையைச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் செலுத்துங்கள். தொகை குறையலாம், வாரம் தவறலாகாது. மூன்று மாதம் பழகியபின் சிறிது கூட்டுங்கள். வாரம் 20 ரூபாய், ஓராண்டில் 1,040 ரூபாய். தறி பழுதுபட்டாலும் விதை வாங்க நேர்ந்தாலும், வட்டிக்காரர் வாயிலில் நில்லாதிருக்க அது முதற்படியாகும்.