சங்கீதமும் புத்தியும்

விக்கிரவாண்டியிலுள்ள நம் நண்பர் ஒருவர் தம் பேரக் குழந்தைக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் மேனாட்டு வாத்திய சங்கீதம் கேட்பித்து வருகிறார். தங்களுக்கு அதில் ருசி உண்டா என்று வினவினோம். "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, குழந்தைக்கு மூளை வளருமாம்" என்றார். அருகே முண்டியம்பாக்கத்தில் 2010-ம் ஆண்டில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது முதல், அங்கே ஓர் இடம் பெறுவது அவ்வட்டாரத்தில் பல குடும்பங்களின் கனவாயிருக்கிறது. அக்கனவுக்குச் சங்கீதம் ஒரு குறுக்கு வழியென்று யாரோ அவருக்கு உபதேசித்திருக்கிறார்கள். இந்நம்பிக்கை அவர் ஒருவருடையதன்று, உலகெங்கும் பரவியது. ஆகவே இதன் ஆதாரத்தை விசாரிப்பது நம் கடமையாகிறது.

மூல சாட்சியம் 1993-ம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் இர்வைன் கிளையில், பிரான்ஸிஸ் ரௌஷர், கார்டன் ஷா, கேத்தரின் கை என்னும் மூவர் 36 கல்லூரி மாணாக்கர்களைப் பரீக்ஷித்தனர். மோஸார்ட் இரண்டு பியானோக்களுக்காக இயற்றிய ஓர் இசையைப் பத்து நிமிஷம் கேட்டபின், காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன உருவம் வருமென்று ஊகிப்பது போன்ற கணக்குகளை அம்மாணாக்கர்கள் செய்தனர். மௌனமாக இருந்தபின் செய்ததைவிட இம்முறை எட்டு, ஒன்பது புள்ளிகள் அதிகம் கிடைத்தன. 'நேச்சர்' பத்திரிகையில் இது வெளியாயிற்று. அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்குமேல் நிலைக்கவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருந்தார்கள். பரீக்ஷிக்கப்பட்டவர்களில் ஒரு குழந்தையும் இல்லை.

சாட்சி சொன்னது இவ்வளவே. ஊரார் கேட்டதோ வேறு. 1998-ல் ஜார்ஜியா மாகாணத்துக் கவர்னர் ஸெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு சிசுவுக்கும் ஓர் இசைத்தட்டு அளிக்க 1,05,000 டாலர் வேண்டுமென்று சட்டசபையைக் கேட்டார். அதே ஆண்டில் புளோரிடா மாகாணம், அரசாங்கப் பணம் பெறும் குழந்தைக் காப்பகங்களில் இவ்வகைச் சங்கீதம் ஒலிக்கவேண்டுமென்று சட்டமே இயற்றிற்று. வியாபாரிகள் வாளாவிருப்பார்களா? குழந்தையின் மூளைக்கென்று இசைத்தட்டுகள் கடைகளில் குவிந்தன.

பின்னர் வந்த குறுக்கு விசாரணையில் வழக்கு நிற்கவில்லை. 1999-ல் கிறிஸ்டபர் சாப்ரிஸ் 16 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, சங்கீதத்தால் வந்ததாகச் சொல்லப்படும் ஏற்றம் மிக அற்பமென்று காட்டினார். 2010-ல் வியன்னா சர்வகலாசாலையார் சுமார் 40 ஆராய்ச்சிகளை, மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பரீக்ஷை முடிவுகளை, ஒருங்கே எடைபோட்டு, மோஸார்ட்டின் இசைக்கென்று தனிச் சக்தி ஏதும் இல்லையென்று முடிவு கூறினர். மோஸார்ட் வாழ்ந்து மறைந்த நகரத்திலிருந்தே அத்தீர்ப்பு வந்தது.

அப்படியானால் முதலில் கண்ட பலன் எதனால் விளைந்தது? 1999-ல் கானடாவில் நடந்த ஒரு பரீக்ஷை இதனை விளக்குகிறது. அங்கே சிலருக்கு இசைக்குப் பதிலாக ஒரு கதை வாசிக்கப்பட்டது. கதையை விரும்பியவர்கள் கதை கேட்டபின்னும், இசையை விரும்பியவர்கள் இசை கேட்டபின்னும் கணக்கை நன்றாகச் செய்தார்கள். மனத்துக்கு உவந்ததைக் கேட்டால் மனம் சற்று நேரம் விழித்தெழுகிறது. ஒரு குவளை நல்ல காப்பியும் அதைச் செய்யும்.

கேட்பது இருக்கட்டும், கற்பதாவது புத்தியை வளர்க்குமா என்று நேயர்கள் வினவலாம். 2004-ல் ஷெல்லன்பர்க் என்பவர் டொராண்டோவில் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைக்கொண்டு சோதித்ததில், சங்கீதம் பயின்றோர் மற்றவர்களைவிட மூன்று புள்ளிக்கும் குறைவாகவே முந்தினர். 2020-ல் 54 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, செவ்வையாக நடத்தப்பட்டவற்றில் அந்த லாபமும் ஏறக்குறைய மறைந்துபோயிற்று.

இத்தீர்ப்பினால் சங்கீதத்துக்கு இழுக்கு வந்ததென்று நாம் கருதவில்லை. அதற்கு உண்மையான கேடு அதன் பேரால் சொல்லப்படும் பொய்யினாலேயே வரும். பரீக்ஷை மார்க்குக்காகச் சங்கீதம் என்று சொல்லி வளர்த்தால், மார்க்கு வரவில்லை என்று கண்ட அன்றே தகப்பன் அதைத் தெருவில் எறிவான். சர்க்காரும் அதற்குக் கொடுக்கும் காசை நிறுத்தும்.

நம் நாட்டில் 1940-களில் எழுந்த தமிழிசைக் கிளர்ச்சியை நினைவுகூர்வோம். 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கேட்பவனுக்குப் பாட்டின் பொருள் விளங்கவேண்டும், நெஞ்சு உருகவேண்டும் என்பதே அன்றைய வாதம். உவந்து கேட்பதே பயன் தருமென்று இன்றைய விஞ்ஞானிகள் கூறுவதும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

விக்கிரவாண்டிக்கு அருகிலேயே பனையபுரம் இருக்கிறது. சம்பந்தர் பதிகம் பெற்ற புறவார் பனங்காட்டூர் அதுவே. விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளியும் இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. நம் நண்பர் தமக்கே விளங்காத இசையைத் தொட்டிலருகே ஓடவிட்டு அடுத்த அறையில் போய் உட்காருகிறார். அதனினும் குழந்தையை மடியில் வைத்துத் தமக்குத் தெரிந்த தாலாட்டைத் தாமே பாடுவது மேல். வயது வந்தபின் அந்தப் பள்ளிக்கு அனுப்பட்டும். மருத்துவக் கல்லூரி இடத்தைக் குழந்தை படித்துத்தான் பெறவேண்டும். அதற்குப் பாட்டு ஈடாகாது. பாட்டு தரும் இன்பத்துக்கு அந்த இடமும் ஈடாகாது.