முதுமலையிலிருந்து கபினி வரை: நான்கு காடுகள், ஒரு குடும்பம்

ஈஸ்டர் விடுமுறை நெருங்கும்போது புலம்பெயர்ந்த எமது வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். பள்ளித் தோழர்கள் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் சென்று சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் படம் பிடித்து வருகிறார்கள். நாம் எங்கே போகிறோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். யானை கட்டி ஆண்ட வன்னியில் பிறந்தவர்களின் பிள்ளைகள், யானையை மிருகக்காட்சிச் சாலையின் கம்பிகளுக்கு அப்பால் மட்டுமே கண்டவர்கள். அவர்களுக்கு வில்பத்துவைக் காட்டலாமே என்று சொல்லலாம். ஆனால் வீட்டில் ஒருவரிடமேனும் அகதிகளுக்கான பிரயாண ஆவணம் இருக்குமாயின், அதில் இலங்கை தவிர்ந்த ஏனைய நாடுகளுக்கு என எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரி எமது பயணத் திட்டங்கள் யாவற்றையும் வளைத்துவிடுகின்றது.

நாம் வகுத்துக்கொண்ட வழி வேறு. நீலகிரியின் வடசரிவில் முதுமலை, அதை ஒட்டிக் கர்நாடகத்தில் பந்திப்பூர், கேரளத்தில் வயநாடு, மீண்டும் கர்நாடகத்தில் நாகர்கொளை. மூன்று மாநிலங்களின் பெயரால் பிரிக்கப்பட்டிருப்பினும் யானைகளுக்கு இது ஒரே காடு. 1986இல் இந்தியாவின் முதலாவது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரிக் காப்பகத்துள் இவை நான்கும் அடங்குகின்றன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பந்திப்பூரில் 150, நாகர்கொளையில் 141, முதுமலையில் 114 புலிகள் என மதிப்பிடப்பட்டன. புலியைக் காண்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது; யானை, காட்டெருது, புள்ளிமான் ஆகியவற்றைக் காணாது திரும்புவோர் அரிது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. 2025 மார்ச் இறுதியில் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே நேரடி விமான சேவை ஆரம்பமானது. எண்பதை எட்டிய அம்மா சென்னை வரை அலையாது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருச்சியில் வந்திறங்கலாம். 1999இல் நாட்டைவிட்டு வந்த எமது அண்ணர் அதன்பின் அம்மாவை நேரில் கண்டதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு யானை, அண்ணருக்கு அம்மா என்று ஒரு பயணத்தில் இரண்டையும் சேர்த்தோம்.

காட்டைப் பற்றிச் சொல்லுமுன் காகிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023இல் இதே சந்திப்புக்கு ஒருமுறை முயன்று தோற்றவர்கள் நாம். எம்மில் மற்றவர்களிடம் குடியுரிமைக் கடவுச்சீட்டு இருந்தது. அண்ணரிடம் 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும், அட்டையின் மூலையில் இரு கோடுகள் கொண்ட ஆவணம். பயண முகவர் ஒருவர் எல்லோருக்கும் ஒரே முறையில் இந்திய மின்விசா எடுத்துத் தந்தார். விமான நிலையக் கருமபீடத்தில் அண்ணரின் ஆவணத்தைப் புரட்டிப் பார்த்த பெண், மின்விசா கடவுச்சீட்டு உள்ளோருக்கு மட்டுமே என்று மிகப் பணிவாகச் சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அப்போது சென்னையில் வந்திறங்கிவிட்டார். அண்ணர் எமது பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துவிட்டுத் தொடருந்தில் வீடு திரும்பினார்.

வாசகர்கள் இதை மனதிற் கொள்ளவேண்டும். கடவுச்சீட்டு அல்லாத பிரயாண ஆவணங்களுக்கு இந்திய மின்விசா கிடையாது. தூதரகத்தில் நேரே விண்ணப்பிக்கும் சாதாரண விசா ஒன்றே வழி. அதற்கு எமக்கு ஒன்பது வாரங்கள் சென்றன. ஆகவே விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுதல் நன்று. ஆவணமும் வதிவிட அனுமதியும் திரும்பிவரும் நாளுக்கு அப்பாலும் செல்லுபடியாக வேண்டும். அகதி விண்ணப்பம் இன்னும் தீர்க்கப்படாதிருப்போர் வழக்கறிஞரைக் கேளாது நாட்டு எல்லையைத் தாண்டவே கூடாது. அவசரத்துக்கென இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்வதும் ஆபத்தானது. சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கொண்டு அகதி அந்தஸ்தை நீக்குவதற்கு அதே உடன்படிக்கையில் இடமுண்டு. யானை எங்கும் ஓடிவிடாது.

பருவத்தைத் தெரிவதில் எமக்குத் தெரிவு அதிகம் இருக்கவில்லை. பள்ளி விடுமுறையே தீர்மானித்தது. யூன் முதல் மழைக்காலம், காடு பச்சையாயிருக்கும், அட்டையும் மிகுந்திருக்கும், விலங்குகள் உள்ளே சிதறிவிடும். 2024 யூலை 30ஆம் திகதி வயநாட்டில் சூரல்மலையையும் முண்டக்கையையும் அழித்த மண்சரிவை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் முதல் மே வரை காடு காய்ந்து இலையுதிர்ந்து நிற்கும். அழகு குறைவு, ஆனால் நீர்நிலைகளைத் தேடி விலங்குகள் வெளியே வரும். இக்காலத்தில் காட்டுத்தீ அச்சத்தால் முதுமலையையும் வயநாட்டையும் சில வாரங்கள் மூடிவிடுவதுண்டு. 2019 பெப்ரவரியில் பந்திப்பூரில் பெருந்தீ பரவியது. அத்துடன் 2025 நவம்பரில், விவசாயிகள் புலியால் தாக்கப்பட்டதை அடுத்து, பந்திப்பூரிலும் நாகர்கொளையிலும் வனச் சவாரியைக் கர்நாடக அரசு நிறுத்தியது. ஆகவே எந்த மாதமாயினும் புறப்படுவதற்கு முந்திய வாரம் வனத்துறையிடம் விசாரித்தல் வேண்டும்.

திருச்சி விமான நிலையத்தில் அம்மாவும் அண்ணரும் சந்தித்ததை இங்கு விரித்து எழுதப்போவதில்லை. அம்மா அவரின் தலையைத் தடவிப் பார்த்து, "முழுக்க நரைச்சுப் போச்சே, ராசா" என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்து வான் ஒன்றைச் சாரதியுடன் அமர்த்திக் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினோம். நீலகிரி மாவட்டத்துள் நுழைய 2024 மே 7 முதல், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, மின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டினர் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதியலாம். பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல்கள் தடை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கும் பாதை குறுகியதுதான். ஆனால் முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகள் கொண்டது, வெளி வாகனங்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு. சற்றுத் தூரமாயினும் நடுவட்டம், கூடலூர் வழியே நல்லது.

கூடலூரில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அங்கே அமர்ந்திருந்த முதிய பெண்ணொருவர் அம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க சிலோனா?" என்றார். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவராம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் மலையகத் தமிழரை இந்தியாவின் பங்காக்கியது. அவர்களைக் குடியமர்த்தவெனத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ என்ற கூட்டுத்தாபனமாயிற்று. கூடலூர், பந்தலூர் சரிவுகளில் இன்றும் அவர்களின் லயன்கள் உள்ளன. நாம் விமானத்தில் ஓடியவர்கள். அவர்களைக் கையெழுத்துப் போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள்.

யானை பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகள் சொன்னதும் அந்த அம்மையார் சிரித்துவிட்டார். "காசு குடுத்தா பாக்கப் போறீங்க? எங்க வாசலுக்கு அது சும்மாவே வருதே. போன மாசம் பக்கத்து வீட்டுச் சொவத்த இடிச்சிட்டுப் போச்சு." யானைக்கும் மனிதருக்கும் மோதல் மிகுந்த பகுதி அது. சுற்றுலாப் பயணிகள் யானையைப் பற்றிப் பேசும்போது இந்த வாசற்படிகளையும் நினைக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

முதுமலையில் மோயாற்றங்கரைத் தெப்பக்காடு யானை முகாம் யாவரும் அறிந்ததே. பொம்மன், பெள்ளி தம்பதியர் ரகு என்ற கன்றை வளர்த்த கதையைச் சொல்லும் கார்த்திகி கொன்சால்வெஸின் ஆவணப்படம் 2023இல் ஒஸ்கார் விருது பெற்றபின் கூட்டம் பெருகிவிட்டது. பாகர்கள் கேழ்வரகையும் சோற்றையும் வெல்லத்தையும் உருட்டி வாயில் ஊட்டும் நேரத்தில் சென்றால் பிள்ளைகளுக்கு அதுவே போதும். காட்டினுள் வனத்துறையின் வாகனத்தில் மட்டுமே செல்லலாம்.

தங்குமிடத்தைத் தெரியும்போது ஓர் எச்சரிக்கை. சீகூர்ப் பகுதியில் யானைகளின் வலசைப் பாதையை மறித்து விடுதிகள் எழுந்தன. 2018 ஓகஸ்ற்றில் 27 விடுதிகளை மூடுமாறு இந்திய உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. வலசைப் பாதை பற்றிய தமிழ்நாடு அரசின் 2010ஆம் ஆண்டு அறிவித்தலை 2020 ஒக்ரோபரில் உறுதிசெய்தது. அறையிலிருந்தே யானை பார்க்கலாம் என்ற விளம்பரத்தைக் கண்டால் அந்த அறை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். வனத்துறையின் சொந்த விடுதிகள் எளிமையானவை, முற்பதிவு அவசியம். வெளிநாட்டினர் தங்கினால் விடுதியார் இருபத்துநான்கு மணி நேரத்துள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். அண்ணரின் ஆவணத்தைக் கண்ட வரவேற்பாளர் அது என்னவென்று அறியாது பத்து நிமிடம் திகைத்தார். விசாப் பக்கத்தின் பிரதிகளைக் கையில் வைத்திருந்தமை உதவிற்று.

பந்திப்பூர் தெப்பக்காட்டுக்கு அண்மையில்தான். மைசூர் மன்னரின் வேட்டைக்காடாயிருந்து, 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்றாயிற்று. காட்டை ஊடறுக்கும் நெடுஞ்சாலைகள் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணிவரை மூடப்படுகின்றன. சாலையில் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பதும் குற்றம். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டினருக்கு அதிகம். தமிழ் பேசினாலும் கடவுச்சீட்டைத்தான் பார்ப்பார்கள். சவாரி வண்டியின் குலுக்கலில் அம்மாவின் இடுப்பு நோவெடுத்தது. முதியோருடன் செல்வோர் இதை முன்பே எண்ணியிருக்க வேண்டும், நாம் எண்ணவில்லை.

ஆகையால் வயநாட்டில் முத்தங்கா சவாரியை விட்டுவிட்டு ஒருநாள் ஓய்ந்தோம். எடக்கல் குகைக்குப் பிள்ளைகளும் அண்ணரும் மட்டும் ஏறினார்கள். ஏற்றம் கடுமை. 1890களில் மலபார்ப் பொலிஸ் அதிகாரி ஃபாசெற் வெளியுலகுக்கு அறிவித்த அக்குகையில் கற்காலக் கீறல்களுடன் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. தமிழ்ப் பள்ளிக்குப் போக மறுக்கும் எமது இளையவன் அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றதாக அண்ணர் சொன்னார். காய்ந்த காலத்தில் இப்பகுதிகளில் உண்ணிகள் மூலம் குரங்குக் காய்ச்சல் பரவுவதுண்டு; முழுக்காற்சட்டை அணிந்து, மாலையில் நன்கு குளித்து உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மானந்தவாடியிலிருந்து பாவலி வழியே கபினிக்குச் செல்லும் காட்டுப் பாதை மாலை ஆறு மணிக்கே மூடப்படும், நண்பகலில் கிளம்பிவிட்டோம். கபினி ஆற்றுக்கு 1974இல் அணை கட்டியபோது காக்கனகோட்டைக் காட்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மைசூர் அரசர்கள் யானைக்கூட்டங்களை வளைத்துப் பிடித்த கெத்தா நிகழ்ந்த இடம் அது. கடைசிக் கெத்தா 1971இல். இன்று கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது கரையெங்கும் பசும்புல் முளைக்க, அதை மேய நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுகின்றன. இங்கே படகுச் சவாரி உண்டு. குலுக்கல் இல்லை. அம்மாவுக்காகவே அமைந்ததுபோலிருந்தது.

மாலை நான்கு மணியளவில் கரையை ஒட்டிப் படகு நின்றது. கன்றுகளும் பெண் யானைகளுமாய் முப்பதுக்கு மேல் எண்ணினோம். சற்று விலகி நின்ற பெரிய ஆணொன்றின் தந்தங்கள் வெயிலில் மினுங்கின. ஒட்டுசுட்டானில் வயற்காவலுக்குப் பரண் கட்டிய தகப்பனின் மகளான அம்மா கண்ணெடுக்காது பார்த்தார். "அங்கை எங்கட காட்டில வாறதெல்லாம் அலியன்தான். கொம்பனை நான் சின்ன வயசில ஒருக்காத்தான் கண்டனான்" என்றார். இலங்கையில் ஆண் யானைகளிலும் தந்தம் உள்ளவை மிகச் சில. தென்னிந்தியாவிலோ பெரும்பாலானவை கொம்பன்கள், தந்தமற்ற ஆணை இங்கே மக்னா என்கிறார்கள். படகோட்டி அதைச் சொன்னபோது அம்மா அச்சொல்லை இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் தகப்பன் வெங்காய வெடி கொளுத்தி யானை கலைத்த இரவுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். அண்ணர் அவரது சால்வையைச் சரிசெய்தபடி அருகே இருந்தார். இக்கதைகளில் பாதி எமக்கே புதியவை.

மைசூரிலிருந்து தஞ்சைப் பக்கம் செல்லும் இரவு ரயிலில் திருச்சி திரும்பினோம். பதினொரு நாட்கள். வாகனச் செலவைவிடத் தங்குமிடச் செலவே மிகுந்தது. கபினியை ஒரே இரவாகச் சுருக்கியிருந்தால் குறைந்திருக்கும், ஆனால் சுருக்க மனம் வரவில்லை. அம்மாவின் பொதியில் ஊட்டித் தேயிலையும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மர யானையும் இருந்தன. அண்ணரின் விசா ஒருமுறை நுழைவுக்கானது. அடுத்த பயணத்துக்கான விண்ணப்பப் படிவத்தை அவர் விமானத்திலேயே நிரப்பத் தொடங்கிவிட்டார்.